இரவில் மாறும் பெட்டி



எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, சற்றுச் சினத்தோடு என்னைக் காண வந்தார். அவர் வீட்டுத் தொலைக்காட்சியோடு சிறு பெட்டி ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. இணையத்தின் வழியே வரும் திரைப்படங்களையும் பாடல்களையும் வாங்கித் திரையில் காட்டுவது அதன் தொழில். முதல் நாள் இரவு எல்லோரும் படுக்கப் போகும்போது ஒரு விதமாக இருந்த அதன் முகப்பு, பொழுது விடிந்தபோது வேறு விதமாக மாறியிருந்தது. அவருடைய பாட்டியார் நாள்தோறும் தேடிச் சென்று அழுத்தும் பாட்டுப் பட்டியல் இருந்த இடத்தில் ஏதோ ஒரு விளம்பரப் படம் நின்றது. “ஐயா, பெட்டி எங்களுடையது, பணம் கொடுத்து வாங்கியது. எங்களைக் கேளாமல் இரவோடிரவாக அதை மாற்றியவர் யார்? இனி இவ்வாறு நேராமல் தடுக்க வழியில்லையா?” என்று கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆயினும், இன்று நம் வீடுகளில் இடம்பெற்றுவிட்ட கருவிகளைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்று அதனுள் அடங்கியிருக்கிறது. அவருக்கு நான் கூறிய விடையையே சற்று விரித்து இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். கடையிலிருந்து வந்த நாளில் அது எப்படி இருந்ததோ, பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வால்வு பழுதுபட்டால் மெக்கானிக் வந்து மாற்றுவார். அவர் வருவதும், பெட்டியின் பின்புறத்தைத் திறப்பதும், வேலை முடிந்து போவதும் வீட்டார் அறிய நடக்கும் காரியங்கள். நாம் பேசும் புதிய பெட்டியோ தோற்றத்தில்தான் பெட்டி. உண்மையில் அஃது ஒரு முழுக் கணினி. ஓடையில் நீர் ஓடி வருவது போலப் படம் இணையத்தின் வழியே இடைவிடாது ஓடி வருவதால் இத்தகைய கருவியை ‘ஸ்ட்ரீமிங்’ கருவி என்கிறார்கள். 2007 இல் ஆப்பிள் டிவியும், 2008 இல் ரோக்குவும், 2013 இல் குரோம்காஸ்டும், 2014 இல் அமேசானின் ஃபயர் டிவியும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. இவற்றின் ஆற்றலெல்லாம் உள்ளே எழுதிவைக்கப்பட்ட மென்பொருளில் இருக்கிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் மாறாமலே மென்பொருளை மட்டும் மாற்றினால் பெட்டியின் குணமே மாறிவிடும். அதை மாற்றும் மெக்கானிக்கோ வாசற்கதவைத் தட்டுவதில்லை; கம்பியில்லா இணைப்பின் வழியே வந்து போய்விடுகிறார்.

அவர் வரும் முறையை முதலில் தெரிந்துகொள்வோம். மின்சாரத்தோடு இணைந்திருக்கும் வரையில், நாம் அணைத்துவிட்டதாக எண்ணும்போதும், பெட்டி பெரும்பாலும் அரைத் தூக்கத்தில் விழித்தே இருக்கிறது. குறித்த இடைவெளியில் அது தன்னைச் செய்த நிறுவனத்தின் சேவையகத்தைத் தொடர்புகொண்டு, “என்னிடம் இன்ன எண்ணுள்ள மென்பொருள் இருக்கிறது, இதனினும் புதியது உண்டா?” என்று கேட்கிறது. உண்டு என்று விடை வந்தால் அதனை இறக்கிக்கொள்கிறது. இறக்கியதை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை. ஒவ்வொரு புதிய மென்பொருளின் மீதும் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். நிறுவனத்திடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவுகோலால் இடப்பட்ட ஒப்பம் அது. அதைச் சரிபார்க்கும் வேறொரு திறவுகோல் பெட்டிக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. வழியில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் ஒப்பம் பொருந்தாது. பெட்டி அதைத் தள்ளிவிடும்.

பல பெட்டிகளில் மென்பொருளுக்கென இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையிலுள்ள பழைய மென்பொருள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றோர் அறையில் புதியது எழுதப்படுகிறது. யாரும் படம் பார்க்காத வேளையில் பெட்டி தன்னைத் தானே நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. அப்போது புதிய அறைக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. புதியது சரியாக எழவில்லையென்றால் பழைய அறைக்கே திரும்பிவிடும். ஆனால் ஒருமுறை நன்றாக எழுந்துவிட்டால், பின்னர் வீட்டார் விரும்பினாலும் பழையதற்குத் திரும்பப் பெரும்பாலான பெட்டிகள் இடங்கொடுப்பதில்லை. பழைய மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையைப் பயன்படுத்தக் கருதும் கள்வன், பெட்டியைப் பின்னோக்கித் தள்ளிவிட்டு உள்ளே நுழையக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். வந்த மாற்றத்தைப் பின்னால் நீக்க முடியாது என்பதால்தான், வருமுன் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டாகிறது.

இந்தக் கையொப்பத்தைப் பற்றி அறிஞரிடையே ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1999 இல் அமெரிக்காவில் டிவோ என்னும் ஒளிப்பதிவுப் பெட்டி வெளிவந்தது. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற உரிமையோடு வழங்கப்பட்ட லினக்ஸ் மென்பொருள் அதில் இயங்கியது. ஆனால் உரிமையாளர் மென்பொருளைத் திருத்தினால் கையொப்பம் பொருந்தாது. பெட்டி அதை ஏற்காது. கள்வனைத் தடுக்கும் பூட்டே வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் இது தகாது என்றனர். அவருடைய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2007 ஜூன் 29 இல் வெளியிட்ட மூன்றாம் உரிமப் பதிப்பு, வீட்டுக்கான கருவிகளில் இவ்வாறு செய்வதற்குத் தடை விதித்தது. லினக்ஸின் தந்தையாகிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு உடன்படாமல் பழைய இரண்டாம் பதிப்பிலேயே நின்றார். பெட்டியைச் செய்தவருக்கு எவ்வளவு உரிமை, வாங்கியவருக்கு எவ்வளவு உரிமை என்ற அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இனி, நிறுவனங்களின் பக்கத்தில் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். மென்பொருள் மனிதர் எழுதுவது. ஆகவே அதில் பிழை இல்லாதிராது. சில பிழைகள் வெளியார் உள்ளே நுழைவதற்கு வழியாகிவிடுகின்றன. 2016 அக்டோபர் 21 ஆம் நாள் அமெரிக்காவில் பல புகழ்பெற்ற இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. நெட்ஃபிளிக்ஸும் அவற்றுள் ஒன்று. அவற்றை முடக்கிய தாக்குதலை நடத்திய படையில் பெரும்பாலும் இருந்தவை வீடுகளிலும் கடைகளிலும் இருந்த காவல் காமிராக்களும் ஒளிப்பதிவுப் பெட்டிகளுமே. மிராய் என்னும் தீய நிரல், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களின் வழியே அவற்றுள் புகுந்து, அவற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்தியிருந்தது. உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது. மூலையில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் ஒரு சிறு கருவி ஊருக்கே இடையூறு ஆகலாம் என்பதை அந்நாள் காட்டியது. எல்லோரும் தாமாகவே ஓட்டையைக் கண்டு அடைத்துக்கொள்வர் என்று எதிர்பார்க்க இயலாது. எனவே, கேளாமலே அடைத்துவிடுவது நலம் என்று நிறுவனங்கள் கருதுகின்றன.

இந்த நியாயம் மெய்யானதே. ஆனால் இரவில் வரும் மெக்கானிக் ஓட்டையை அடைத்ததோடு நில்லாமல் வேறு வேலைகளும் செய்துவிட்டுப் போகிறார். அங்கேதான் மாணவருடைய சினத்துக்கும் நியாயம் பிறக்கிறது.

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3, விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் பயன்பட்ட பெட்டி. அது 2006 இல் வந்தபோது, அதில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்தது. 2010 ஏப்ரல் 1 ஆம் நாள் வந்த 3.21 ஆம் எண்ணுள்ள புதுப்பிப்பு அவ்வசதியை நீக்கிவிட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் கூறப்பட்டது. புதுப்பிப்பை ஏற்காதவர் பழைய வசதியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்நிறுவனத்தின் இணையச் சேவையை இழக்க வேண்டும். வாங்கும்போது பெற்ற ஒன்றைப் பின்னர் கைவிடும்படி நேர்ந்தவர்கள் வழக்குமன்றம் சென்றனர். ஆண்டுகள் பல கடந்து, 2016 இல் இழப்பீட்டு உடன்பாடு ஒன்று ஏற்பட்டது.

அண்மைக் காலத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம். திரைப்படம் பொதுவாக ஒரு நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. இடையிடையே செயற்கைப் படங்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் முறை ஒன்று தொலைக்காட்சிகளில் உண்டு. பந்தாட்டத்துக்கு அது பொருந்தும். திரைப்படத்தையோ மலிவான ஒளிப்பதிவு போல் தோன்றச் செய்துவிடும். 2024 இல் ரோக்கு இயங்குதளத்தின் 13 ஆம் பதிப்பு வந்தபின், சில டிசிஎல் தொலைக்காட்சிகளில் இந்த வழுவழுப்பு தானே தோன்றியது என்றும், அதை அணைக்க வழியில்லை என்றும் பலர் முறையிட்டனர். அவர்கள் யாரும் கேட்டுப் பெற்ற மாற்றமன்று அது.

ஆகவே தடுக்க முயல்வோர் தோன்றினர். அவர்கள் கையாளும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது நேர்வழி. பெட்டியின் அமைப்புப் பட்டியலிலேயே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தும் ஏற்பாடு இருந்தால் அதைப் பயன்படுத்துவது. ஆப்பிள் டிவியில் இது உண்டு. ஃபயர் டிவியில் தனித்தனிச் செயலிகள் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தலாமேயன்றி, அடிப்படையான இயங்குதளத்தை நிறுத்துவதற்குப் பட்டியலில் இடமில்லை. ரோக்குவிலும் அவ்வுரிமை வீட்டாருக்கு அளிக்கப்படவில்லை.

இரண்டாவது, வீட்டு வாயிலில் காவல் வைப்பது. இணையத்தில் ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஓர் எண் உண்டு. பெட்டிக்குத் தெரிந்ததோ பெயர் மட்டுமே. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் முகவரி ஏடு ஒன்று இருக்கிறது, அதனை டி.என்.எஸ். என்பர். தொலைபேசி டைரக்டரி போன்றது என்று கொள்ளலாம். வீட்டு ரூட்டரிலோ, ராஸ்பெர்ரி பை என்னும் கையகலக் கணினியில் பை-ஹோல் என்னும் இலவச மென்பொருளை நிறுவியோ, இந்த ஏட்டை நாமே நடத்தலாம். புதுப்பிப்புச் சேவையகத்தின் பெயரைச் சொல்லிப் பெட்டி எண்ணைக் கேட்கும்போது, ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று விடை கொடுத்தால், அது வழியறியாது பழையபடியே இருந்துவிடும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் இடர்கள் உண்டு. நிறுவனம் நாளைக்கே வேறு பெயருள்ள சேவையகத்துக்கு மாறிவிடலாம். அடைக்கப்பட்ட அதே பெயரிலிருந்து செயலிகளும் வருமானால் அவையும் நின்றுபோகும். நம் ஏட்டைக் கேளாமல் வெளியிலுள்ள ஏட்டையே கேட்கும் பெட்டிகளும் உள்ளன. குரோம்காஸ்ட் கூகுளின் 8.8.8.8 என்னும் எண்ணுள்ள ஏட்டை நேரே நாடும்படி அமைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது, பெட்டிக்குள்ளேயே சென்று புதுப்பிக்கும் நிரலை முடக்குவது. ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட பெட்டிகளில், மென்பொருள் எழுதுவோர் சோதனை செய்வதற்கென ஏ.டி.பி. என்னும் பக்கவாசல் உண்டு. அதன் வழியே கணினியிலிருந்து கட்டளை அனுப்பிப் பலர் இதைச் செய்தனர். பிற்காலப் புதுப்பிப்புகள் சிலவற்றில் அக்கட்டளையே செல்லாதபடி ஆக்கப்பட்டது. அன்றியும், வேலை முடிந்தபின் அப்பக்கவாசலைச் சாத்த மறப்பவர் உண்டு. 2018 பிப்ரவரியில், 5555 என்னும் எண்ணுள்ள அவ்வாயில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான ஆண்ட்ராய்டு கருவிகளுள் ஏ.டி.பி.மைனர் என்ற தீய நிரல் புகுந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் அவற்றுள் இருந்தன. மொனேரோ என்னும் மின்னணு நாணயத்தைத் தன் தலைவனுக்காகத் தோண்டித் தரும் வேலையில் அது அவற்றை ஈடுபடுத்தியது. மெக்கானிக் வரக்கூடாதென்று முன்வாயிலை அடைக்கப் போய்ப் பக்கவாசலைத் திறந்து வைத்த கதையாக அது முடிந்தது.

இனி, தடுப்பதன் விளைவை எல்லாவற்றினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2025 மார்ச் 9 ஆம் நாள், உலகின் பல பகுதிகளில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகளும் குரோம்காஸ்ட் ஆடியோ கருவிகளும் ஒருங்கே செயலிழந்தன. மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது, கருவியில் உடைசல் ஒன்றும் இல்லை. ஆயினும், ‘இது நம்பத்தகாத கருவி’ என்ற செய்தியே பயனாளர்களுக்குக் கிடைத்தது. காரணம் யாதெனில், தான் உண்மையான குரோம்காஸ்ட் என்பதை நிறுவ ஒவ்வொரு கருவியும் ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். அச்சான்றிதழுக்கு மேலே அதற்கு உறுதி கூறும் மற்றொரு சான்றிதழ் உண்டு. 2015 இல் 10 ஆண்டுகளுக்கென வழங்கப்பட்ட அந்த மேற்சான்றிதழின் தவணை அன்று முடிந்துவிட்டது. தவணை கடந்த அடையாளச் சீட்டோடு வாயிலில் நிற்பவரைப் போலக் கருவிகள் நின்றன. சில நாள்களில் கூகுள் நிறுவனம் ஒரு புதுப்பிப்பை அனுப்ப, அவை மீண்டும் உயிர்பெற்றன.

இங்கே இரண்டு செய்திகளைச் சேர்த்தே நோக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் குறித்த தவணையைக் கவனியாமல் விட்டவர்கள் கருவியைச் செய்தவர்கள். வாங்கியவர் மீது குற்றம் ஒன்றும் இல்லை. இஃது ஒரு பக்கம். ஆனால் மருந்து வந்த வழியோ புதுப்பிப்பின் வழிதான். அவ்வழியை முற்றும் அடைத்துவைத்த வீட்டில் அம்மருந்து எட்டியிராது. கருவியை என்றும் ஒரே நிலையில் நிறுத்திவைக்க நாம் விரும்பலாம். ஆனால் அது பேச வேண்டிய வெளியுலகம் ஒரே நிலையில் நிற்பதில்லை. சான்றிதழ்கள் முதிர்கின்றன, படங்களை அனுப்பும் சேவைகள் தம் முறைகளை மாற்றிக்கொள்கின்றன. அடைக்கப்பட்ட பெட்டி ஒரு நாள் அவற்றோடு பேச முடியாமல் போகும்.

அப்படியானால் மாணவர் கேட்டது தவறா? அன்று. கோளாறு எங்கே இருக்கிறது என்றால், பாதுகாப்புத் திருத்தமும் விளம்பரமும் ஒரே உறையில் வைத்து அனுப்பப்படுகின்றன. உறையை ஏற்றால் இரண்டையும் ஏற்க வேண்டும். மறுத்தால் இரண்டையும் மறுக்க வேண்டும். மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பியனுப்ப வீட்டாருக்கு வழியில்லை. உறைகள் இரண்டாகப் பிரிந்தால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இது வெறும் ஆசையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய இணையத் தாங்குதிறன் சட்டம் ஏறக்குறைய இதையே கூறுகிறது. தொழில்நுட்ப முறையில் இயலும் இடங்களில், பாதுகாப்புத் திருத்தங்களைப் புதிய வசதிகளினின்று பிரித்துத் தரவேண்டும் என்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் பொருத்தமான கருவிகளில் தாமாகவே செயற்படலாம். ஆனால் வேண்டாமென்று விலகுவதற்கு எளிய வழியும், சில காலம் தள்ளிவைக்கும் வசதியும் பயனாளருக்கு இருத்தல் வேண்டும். இச்சட்டத்தின் முதன்மையான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வரும் என்று வகுக்கப்பட்டுள்ளது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பிலுள்ள சட்டமோ, ஒரு கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை காலம் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. இதுவும் வேண்டிய ஒன்றே. திருத்தம் வருவது ஒரு நாள் நின்றுவிடும். முதல் தலைமுறைக் குரோம்காஸ்டுக்கு 2023 இல் அவ்வாறு நின்றது. எந்நாள் என்பதை வாங்கும்போதே அறிவது நம் உரிமை.

சட்டம் வந்து சேரும் வரையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பெட்டியை வாங்குமுன், தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ அதில் வழியுண்டா என்று பாருங்கள். வழியிருந்தால், என்றென்றைக்கும் அடைத்துவிடாமல், புதுப்பிப்பு வெளிவந்தபின் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, பிறர் படும் பாட்டை அறிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளை நம்பாதீர்கள். 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., பேட்பாக்ஸ் 2.0 என்னும் தீய நிரலைப் பற்றி எச்சரித்தது; சில பெட்டிகள் கடைக்கு வருமுன்பே அந்நோயைத் தாங்கியிருந்தன. உங்கள் ரூட்டரில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பு இருந்தால், இத்தகைய கருவிகளை அதில் சேருங்கள். பெட்டியில் தீமை புகுந்தாலும், உங்கள் படிப்புக் கணினியை அது எளிதில் எட்டாது. தடுத்தே தீரவேண்டும் என்று துணிந்தால், எதை இழக்கிறோம் என்பதை அறிந்து தடுங்கள். அப்பெட்டியில் பண அட்டையின் விவரங்களையும் முக்கியமான கணக்குகளையும் வைக்காதீர்கள்.

எங்கள் தெரு மாணவர் இவற்றையெல்லாம் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் வீட்டுக்குச் சென்று, பெட்டியைத் தனி இணைப்புக்கு மாற்றினார். புதுப்பிப்பை அடைக்கவில்லை. ஆனால் உற்பத்தியாளருக்கு ஒரு மடல் எழுதினார். எழுதியதை எனக்கும் காட்டினார். ‘எங்கள் வீட்டுப் பூட்டைப் பழுதுபார்க்க வருவதற்கு நன்றி. வந்தவர் கூடத்து நாற்காலிகளையும் இடம் மாற்றிவிட்டுப் போவதற்கு எங்கள் இசைவைக் கேட்க வேண்டும்’ என்பது அதன் சாரம். விடை இன்னும் வரவில்லை. பாட்டியார் தம் பாட்டுப் பட்டியல் புதிதாக இருக்கும் இடத்தைப் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த புதுப்பிப்பில் அஃது எங்கே போகும் என்றும் கேட்டாராம்.

அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை பெட்டியைச் செய்தவருடையது. அதை விடாமல் கேட்கும் உரிமை நம்முடையது. நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப் போகிறவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். பிறர் வீட்டுப் பெட்டியின் திறவுகோல் உங்கள் கைக்கு வரும் நாளில், இந்தப் பாட்டியாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.